கூண்டைப் போத்தி வச்சும் கோழிக்கு மூக்கு ஒழுகுதே!

கேள்வி: ஊட்டி, தலைகுந்தா பக்கம் வீட்டுக்குப் பின்னாடி 10 நாட்டுக்கோழி வச்சிருக்கேன். உறைபனி விழ ஆரம்பிச்சதும் கூண்டைச் சுத்தி சந்து பொந்து விடாம தார்ப்பாய் கட்டிட்டேன். இப்ப காலையில திறந்தா உள்ள தகரத்துல தண்ணி சொட்டுது, நாத்தம் குப்புனு அடிக்குது, ரெண்டு கோழிக்கு மூக்கு ஒழுகுது. இன்னொரு தார்ப்பாய் போடவா, இல்ல 200 வாட்ஸ் பல்பு மாட்டவா?

பதில்: ரெண்டும் வேணாம்மா, கட்டினதுலயே மேல் பக்கத்தை முதல்ல அவிழ்த்து விடுங்க. கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி, ராத்திரி றெக்கையை உப்பிக்கிட்டு உக்காந்துச்சுன்னா பூஜ்யம் டிகிரியெல்லாம் வளர்ந்த கோழி தாங்கிடும், தாங்காதது ஈரம்தான். எச்சத்துல முக்கால்வாசி தண்ணி, அது போக 10 கோழி ராத்திரி பூரா விடுற மூச்சு, அந்தச் சூடான ஈரக்காத்து மேல போயி சில்லுனு இருக்கற தகரத்துல பட்டு தண்ணியாகி திரும்ப தரையில பரப்பியிருக்கற உமி மேலயே சொட்டுது, நனைஞ்ச உமியும் எச்சமும் சேர்ந்து அமோனியா கிளம்புது, அது தொண்டையைப் புண்ணாக்கிடும், அப்புறம் சளி புடிக்க கேக்கவா வேணும். நின்னுக்கிட்டு இருக்கற உங்களுக்கே இவ்ளோ நாத்தம்னா, தரையோட இருக்கற கோழிக்கு எப்படி இருக்கும்? ஒருநாள் காலையில குனிஞ்சு பாருங்க, கண்ணு எரியும்.

கூரைக்கு அடியில எதிரெதிர் ரெண்டு பக்கமும் நீளத்துக்கும் ஒரு அரை அடி திறந்து விட்டு அரை இஞ்ச் கண்ணு இருக்கற வெல்டு மெஷ் (கம்பி வலை) அடிச்சிருங்க, இல்லன்னா மரநாய்க்கு விருந்துதான். கோழி ஏறி உக்கார்ற கம்பு அந்தத் திறப்புக்கு ஒரு அடியாவது கீழ இருக்கணும், கீழ்ப்பக்கத் தார்ப்பாய் அப்படியே இருக்கட்டும். சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஊதுவத்தி போதும், கம்பு உயரத்துல புடிங்க (உமியில விழுந்துடாம!), புகை மெதுவா மேல போயி வெளிய போனா சரி, பக்கவாட்டுல இழுத்துச்சுன்னா எங்கயோ ஓட்டை, காத்து நேரா கோழி மேல அடிக்குது, அதை அடைங்க.

பல்பு விஷயத்துல எனக்கு பயம் உண்டு, காஞ்ச உமியும் பிளாஸ்டிக்கும் பக்கத்துல இருக்க 200 வாட்ஸ் தொங்கினா ராத்திரில யாரு பாக்கறது? குஞ்சுங்க கதை வேற, அதுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேணும், வாரத்துக்கு 3 டிகிரி போல குறைச்சுக்கிட்டே வரலாம், அதைத் தனிப் பெட்டியில வைங்க.

ஈரமான உமியை மொத்தமா அள்ளிட்டு மரத்தூளோ உமியோ நாலு இஞ்ச் புதுசா போட்டு வாரம் ரெண்டு தடவை கிளறி விடுங்க. தண்ணி டப்பாவை ராத்திரி வெளிய எடுத்துருங்க, இருட்டுல எதுவும் குடிக்காது, கொட்டி மட்டும் வைக்கும். வெயில் ஏறினதும் தார்ப்பாயைச் சுருட்டி விட்டு சாயங்காலம் இறக்கினா போதும். மூக்கு ஒழுகற ரெண்டையும் இன்னைக்கே தனியா பிரிச்சு கால்நடை மருந்தகத்துல காட்டுங்க, மத்ததுக்கும் ஒட்டிக்கும், காத்தோட்டம் வந்துருச்சுன்னு அதை விட்டுறாதீங்க.