ரத்தத்தில் புழு இல்லை, கால் வீக்கம் மட்டும் ஏன்?

வணக்கம். அம்மாவுக்கு ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யானைக்கால் புழு இல்லை, ஆனால் இடது கால் வீக்கம் குறையவில்லை, அடிக்கடி குளிர்காய்ச்சலும் வருகிறது, டெஸ்ட் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பாக இருக்க வேண்டியதில்லை. அந்த டெஸ்ட் தேடுவது பெரிய புழு ஈனும் குட்டிப்புழுவை; கால் வீங்கியவர்கள் பலருக்கு அது ரத்தத்தில் இருக்காது.

பெரிய புழு, திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்க்குள் வருடக்கணக்கில் வாழும். உயிரோடு இருக்கும்வரை நம் எதிர்ப்பு சக்தியை அடக்கியே வைத்திருக்கும்; வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குழாய் விரிந்துகொண்டே போகும். எதிர்ப்பு பலமாகக் கிளம்பும் உடம்பில் குட்டிப்புழு அழிந்துவிடும், ஆனால் அந்த அழற்சியில் குழாயும் அடிபடும். புழு சாகும்போது அதற்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவும் வெளியேறி அழற்சியைக் கூட்டும். கெட்ட குழாய் புழு போன பிறகும் பழையபடி ஆகாது; நீர் சரியாக வடியாமல் கால் வீங்கியே இருக்கும்.

இப்போது வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் புழு காரணமில்லை. கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். அதன் வழியே பாக்டீரியா ஏறுகிறது. நிணநீர் ஓட்டம் இல்லாத காலில் அதைத் தடுக்க ஆளில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் போகும்.

தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். புண்ணுக்கு டாக்டர் தரும் களிம்பு, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, வெளியே போனால் செருப்பு. காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அந்த நேரத்தில் யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கால் நீவிவிடும் வைத்தியமும் அப்போது வேண்டவே வேண்டாம்.