சீனப் படங்களைப் பார்த்தே சீன வரலாற்றைப் படிக்க முடியுமா?

கேட்டவர், "தடித்தடியான புத்தகங்களுக்குப் பொறுமை இல்லை, எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?" என்றும் சேர்த்திருக்கிறார். பொறுமை விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான்.

முடியும். ஆனால் ஒரு காகிதத்தில் இரண்டு வருடங்களை எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள்: கதை நடக்கும் வருடம், படம் எடுத்த வருடம். முதுகலை வரலாறு படித்தபோது ஆய்வேட்டுக்காக ஒரு வருடம் சீனப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன் (சீன மொழி தெரியாது, எல்லாம் சப்டைட்டில் புண்ணியம்). படம் எடுத்த வருடத்தைக் கவனிக்காமல் விட்டதால் முதல் மூன்று மாதம் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போனது.

தொடங்க வேண்டிய படம் ஜாங் யிமோ 1994-ல் எடுத்த 'டு லிவ்'. சூதாடி வீட்டைத் தோற்ற ஃபுகுய், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். 1940-களில் தொடங்கி கலாச்சாரப் புரட்சி (1966 முதல் 1976 வரை மாவோ கிளப்பிவிட்ட அரசியல் களையெடுப்பு) தாண்டியும் அவர்கள் படும் பாடுதான் கதை. அதில் ஒரு காட்சி. 1958, நாட்டை ஒரே மூச்சில் தொழில்மயமாக்க மாவோ தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்துக்காக ஊரே உருக்கு காய்ச்சிக்கொண்டிருக்கிறது. வீட்டுச் சட்டிகளெல்லாம் உலைக்குப் போய்விட்டன. தூக்கம் கலையாத மகனை முதுகில் சுமந்துகொண்டு போகும் ஃபுகுய் சொல்கிறான்: நம் குடும்பம் ஒரு கோழிக்குஞ்சு மாதிரி. குஞ்சு வளர்ந்தால் வாத்து, வாத்து வளர்ந்தால் ஆடு, ஆடு வளர்ந்தால் மாடு. "மாட்டுக்கு அப்புறம்?" என்கிறான் பையன். அப்புறம் கம்யூனிசம், தினமும் கறியும் கொழுக்கட்டையும் என்கிறான் அப்பன். அந்தப் பையன் அன்றே செத்துப்போகிறான்.

படம் முடியும்போது பேரன் அதே கேள்வியைக் கேட்கிறான். மாட்டுக்கு அப்புறம் நீ பெரியவனாகிவிடுவாய் என்று பதில் வருகிறது. ரயிலிலும் விமானத்திலும் போவானாம். கம்யூனிசம் என்ற சொல் மட்டும் காணாமல் போயிருக்கிறது. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. சீனாவில் படத்தைத் திரையிட விடவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். படம் 1958-லிருந்து ஒரே தாவாகக் கலாச்சாரப் புரட்சிக்குப் போய்விடுகிறது. நடுவில்தான் 1959 முதல் 1961 வரையிலான பெரும் பஞ்சம், கோடிக்கணக்கில் மக்கள் செத்த பஞ்சம். படத்தில் நாம் பார்ப்பதோ, பொதுச் சமையல்கூடத்தில் வயிறு நிறையச் சாப்பிடுகிற ஊரை. யூ ஹுவாவின் மூல நாவலில் பஞ்சம் வருகிறது. அந்த நாவல் சீனக் கடைகளில் இன்றும் விற்கிறது. பஞ்சத்தை விட்டுவிட்டும் படம் தப்பவில்லை, பஞ்சத்தைச் சொல்லியும் நாவல் தப்பிவிட்டது. அச்சில் கிடைக்கிற இடம் திரையில் கிடைக்காது என்பது எனக்குப் புரிந்தது இங்கேதான். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே இந்தத் தாவலைப் பற்றியதாகிவிட்டது.

அடுத்து தியன் ஜுவாங்ஜுவாங்கின் 'நீலப் பட்டம்' (1993). என் கணக்கில் இது இன்னும் ஒரு படி மேல். 1957-ல் 'வலதுசாரிகளை', அதாவது கட்சியை விமர்சித்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் களையெடுக்கும் இயக்கம் நடக்கிறது. நூலக ஊழியர்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேலிடம் கேட்ட எண்ணிக்கைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அத்தனை பேரும் அவரையே பார்க்கிறார்கள். அவ்வளவுதான். 'ஒதுக்கீடு வைத்து ஆள்பிடித்தார்கள்' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். அது எப்படியிருக்கும் என்று தெரிய எனக்கு அந்தக் கதவு வேண்டியிருந்தது. இந்தப் படத்துக்கும் சீனாவில் தடை. தியனின் அடுத்த கதைப்படம் 2002-ல்தான் வந்தது.

இந்த இரண்டு இயக்குநர்களோடு சென் கைகேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூவரும் கலாச்சாரப் புரட்சிக்குப் பிறகு மறுபடி திறந்த பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் 1978-ல் சேர்ந்து 1982-ல் வெளியே வந்தவர்கள். சிறுவனாக இருந்தபோது பொதுக்கூட்டத்தில் சொந்தத் தந்தையையே காட்டிக்கொடுத்ததைச் சென் கைகே பின்னாளில் எழுதியிருக்கிறார். அது தெரிந்தபின் அவருடைய 'ஃபேர்வெல் மை கான்குபைன்' படத்தைப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே இரண்டு நடிகர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் காட்சியில் எனக்குத் திரையைப் பார்க்கவே முடியவில்லை. 1993-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படம் அது.

அதே சென் கைகே 2021-ல் வந்த 'சாங்ஜின் ஏரிப் போர்' படத்தின் மூன்று இயக்குநர்களில் ஒருவர். 1950 கொரியக் குளிரில் அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து சாப்பிட, சீன வீரர்கள் கல்லாக உறைந்த உருளைக்கிழங்கைக் கடிக்கிறார்கள். பசியும் குளிரும் நிஜம்தான், காட்சியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் போரை 1950 ஜூனில் தெற்கே படையனுப்பித் தொடங்கியது வட கொரியா என்பதை இந்தப் படத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அந்த வீரர்களைக் கேலிசெய்து இணையத்தில் எழுதிய முன்னாள் பத்திரிகையாளர் ஒருவருக்கு 2022-ல் 7 மாதச் சிறை கிடைத்தது. படத்தை மட்டும் பார்த்தால் 1950 தெரியும், இந்தச் செய்தியோடு பார்த்தால் 2021-ம் தெரியும்.

சரி, வரிசை இதுதான்: 'டு லிவ்', உடனே அதன் நாவல் (மெல்லியதுதான், பயப்பட வேண்டாம்), 'நீலப் பட்டம்', பிறகு சென் கைகேயின் இரண்டு படங்களும் அடுத்தடுத்த நாட்களில். ஏரிப் படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.