யோம் கிப்பூர் நோன்புக்கு யூத வீடுகளில் எப்படித் தயாராகிறார்கள்? உடம்புக்கு முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

கேள்வி: இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே யோம் கிப்பூர் வருகிறது. 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு என்கிறார்கள். அதற்கு எப்படித் தயாராவார்கள்? வயதானவர்களும் இருப்பார்களா?

பதில்:

வயதானவர்கள்தான் முதல் ஆளாக இருப்பார்கள். இளைஞர்களுக்கு அது ஒரு நாள் பசி. பாதி நாள் தூங்கியே கழித்துவிடுவார்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போவது வீட்டுப் பெரியவரின் பிடிவாதம். ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. டெல் அவீவுக்குத் தெற்கே ஹோலோன் நகரில், ஈரானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு, இரத்த அழுத்தமும் உண்டு. மதச் சட்ட விவரங்கள் பாட்டியின் மகனும் அவர்களுடைய ரபியும் (யூத மத குரு) சொல்லித் தெரிந்துகொண்டவை. மற்றவை சமையலறையில் நின்று பார்த்தவை. நீங்கள் போகும் வீடு போலந்து வழி வந்ததாகவோ மொராக்கோ வழி வந்ததாகவோ இருந்தால் சாப்பாடு மாறும், சட்டம் மாறாது.

முதலில் அடிப்படை. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 10ஆம் நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்புக் கேட்கும் நாள். நம் கணக்கில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் வரும். 2026இல் செப்டம்பர் 20 மாலை தொடங்கி 21 இரவு முடிகிறது. சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே ஆரம்பித்து, மறுநாள் வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும் இருட்டு வரை நீடிக்கும். உணவும் தண்ணீரும் மட்டுமல்ல, குளியல், எண்ணெய் அல்லது கிரீம் பூசுதல், தோல் செருப்பு, தாம்பத்தியம் என ஐந்துக்குத் தடை. வாராந்தர ஓய்வுநாளான சபாத்தில் விலக்கும் வேலைகள் எல்லாம் இதற்கு மேல். பல் துலக்குவதும் கிடையாது. காலையில் கை கழுவுவதுகூட விரல்களோடு சரி. கோட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்த கனவான்கள் ரப்பர் செருப்போடு ஜெப ஆலயத்துக்குப் போவதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், காரணம் தோல் செருப்புத் தடைதான்.

தயாரிப்பைப் பற்றி எனக்கு முதலில் வியப்பாக இருந்த செய்தி, முந்தைய நாள் சாப்பிடுவது அனுமதி மட்டுமல்ல, கடமை என்பது. ஒன்பதாம் நாள் உண்டு குடிப்பவரை, ஒன்பதும் பத்தும் சேர்த்து இரண்டு நாளும் நோன்பிருந்தவராகவே கருத வேண்டும் என்று யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான தால்முத் சொல்கிறது. எங்கள் ஊர்ச் சபையில் உபவாச ஜெபத்துக்கு முந்தைய இரவு வயிறு நிறையச் சாப்பிட்டால் ஜாடையாகப் பேசுவார்கள். இங்கே சாப்பிடாவிட்டால்தான் பேச்சு விழும்.

எங்கள் வீட்டில் வேலை ஒரு வாரத்துக்கு முன்பே தேநீரில் தொடங்கும். பாட்டி ஈரானிய வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கறுப்புத் தேநீரை நாள் முழுக்கக் குடிப்பவர். நான் தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசி இரண்டு நாள் ஏறக்குறைய வெந்நீரையே தருவேன். காபி குடிக்கும் வீட்டிலும் இதே முறைதான். சட்டென்று நிறுத்தினால் நோன்பன்று மண்டை பிளக்கும் என்பதால் மருத்துவர்களும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். தலைவலிக்குக் காபி மட்டும் காரணமில்லை. 1995இல் இஸ்ரேலிய நரம்பியல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் நோன்பிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் இருக்காதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் தலைவலி வந்தது. மணி ஏற ஏற அது கூடியது. வழக்கமாகவே தலைவலி வருகிறவர்களைத்தான் அதிகம் பிடித்தது. 'யோம் கிப்பூர் தலைவலி' என்று மருத்துவ இதழ்களில் அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. மருந்துக் கடைகளில் அந்த வாரம் நோன்பை எளிதாக்கும் மாத்திரைகள் அடுக்கப்பட்டிருக்கும். வாய்வழி எதுவும் போகக் கூடாது என்பதால் ஆசனவாயில் வைக்கும் காஃபீன் மருந்துகூட விற்கிறது. நோன்புக்கு முன் விழுங்கும் எட்டோரிகாக்சிப் என்ற நீண்ட நேர வலி மாத்திரையை ஜெருசலேம் மருத்துவர்கள் சோதித்துப் பலனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்களுக்கு அது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொடுத்தார் என்று உங்கள் பெரியவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முந்தைய நாள் காலையிலிருந்தே தண்ணீர். மணிக்கு ஒரு தம்ளர் என்று பரவலாகக் குடிக்க வைக்க வேண்டும். மாலையில் ஒரு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டால் அத்தனையும் கழிவறைக்குத்தான் போகும். கடைசி விருந்தில் எங்கள் வீட்டில் சோறும் கோண்டியும் இருக்கும். கோண்டி என்பது கொண்டைக்கடலை மாவும் அரைத்த கோழி இறைச்சியும் ஏலக்காயும் சேர்த்துப் பிடித்த உருண்டை, சூப்பில் மிதக்கும். அன்றைக்கு மட்டும் உப்பைப் பாதியாக்கிவிடுவோம். ஊறுகாய், ஆலிவ், வறுத்த விதைகள் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். கிழக்கு ஐரோப்பிய வழி வந்த வீடுகளில் கிரெப்லாக் என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்த கொழுக்கட்டையைச் சூப்பில் போடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் தர்பூசணியோ திராட்சையோ கொடுங்கள். இனிப்புக் கேக்கைத் தவிர்த்தால் நல்லது, தாகம் கூடும்.

இனி மருந்து. இதை நோன்பு வாரத்தில் தொடங்கினால் நேரம் போதாது. ஒரு மாதம் முன்பே குடும்ப மருத்துவரிடம் பேசச் சொல்லி வீட்டாரை நச்சரியுங்கள். இன்சுலினும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகளும் வெறும் வயிற்றில் ஆபத்து. சிறுநீரைக் கூட்டும் மாத்திரை உடம்பை வற்றவைக்கும். நாளுக்கு ஒருமுறை போடுவதைச் சிலருக்கு நோன்புக்கு முன் மாலைக்கு மாற்றித் தருவார்கள். எதை நிறுத்தலாம், எதைக் கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பெரியவரையும் முடிவு செய்ய விடாதீர்கள். மருத்துவரிடம் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நோன்பன்று பஸ் ஓடாது, கடை திறக்காது, பென் குரியன் விமான நிலையமே மூடியிருக்கும், தொலைக்காட்சியில்கூட ஒன்றும் வராது. கார் இல்லாத நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் வழக்கம்போல வரும். மருந்துப் பட்டை தீர்ந்துவிட்டது என்று அன்று மதியம் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சரி, பிடிவாதத்துக்கு வருகிறேன். மருத்துவர் நோன்பு கூடாது என்று சொன்ன முதல் வருடம், பாட்டி "இஸ்ஃபஹானில் எட்டு வயதிலேயே முழு நாள் இருந்தவள் நான்" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். மகன் கெஞ்சினார், பேத்தி அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரபியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் ஆறுதலாகப் பேசுவார் என்று நினைத்தேன், அதட்டினார். உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் நோன்பு இருப்பது புண்ணியமே இல்லை, பாவம் என்றார். மருத்துவர் சாப்பிட வேண்டும் என்று சொல்லி நோயாளி வேண்டாம் என்றால், மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நோயாளி எனக்கு வேண்டும் என்று சொல்லி மருத்துவர் தேவையில்லை என்றால், நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும். இது ரபி சொந்தமாகச் சொன்ன சமாதானம் இல்லை, தால்முத்தின் விதி. எந்தப் பக்கம் திருப்பினாலும் சாப்பாட்டின் பக்கமே சாய்கிறது பாருங்கள். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1848இல் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) காலரா பரவியபோது இஸ்ரேல் சலான்டர் என்ற பெரிய ரபி நோன்பை விட்டுச் சாப்பிடும்படி ஊருக்குச் சொன்னார் என்றும், ஜெப ஆலயத்தில் எல்லாரும் பார்க்கத் தாமே சாப்பிட்டார் என்றும் சொல்வார்கள். பாட்டிக்கு அந்தக் கதையைவிடத் தம் கணவரின் கதைதான் எடுபட்டது. 1973 அக்டோபர் 6, எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிய யோம் கிப்பூர் நாள். பிற்பகல் இரண்டு மணியளவில் போர்ச் சங்கு ஊதியபோது, அவர் ஜெப ஆலயத்திலிருந்தே வண்டி ஏறிப் போனார், வழியில் சாப்பிடவும் செய்தார். "அப்பா செய்தது தப்பா, அம்மா?" என்று மகன் கேட்ட பிறகுதான் வாய் திறந்தது.

நோன்பு கூடாது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையும் அதுதான். உணவு என்றால் ஒரு முறைக்கு 30 கிராமுக்குள். தண்ணீர் என்றால் அவரவர் கன்னம் கொள்ளும் அளவுக்குக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு 40 மில்லிக்குள் வரும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 9 நிமிட இடைவெளி. இந்த அளவுக்குள் நின்றால், முழுதாக நோன்பை முறித்ததாகக் கணக்கில்லை. கன்ன அளவை முந்தைய நாளே பார்த்துவிடுவார்கள். வாய் நிறையத் தண்ணீர் வைத்து ஒரு தம்ளரில் துப்ப வேண்டும், அதில் பாதிதான் கணக்கு. பாட்டி பெரிய விழா எடுத்துத் துப்புவார். மகன் மருந்துக் கோப்பையில் பேனாவால் கோடு போடுவார். பேரன்கள் தங்கள் அளவையும் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள். நோன்பன்று நான் அந்தக் கோப்பையும் கடிகாரமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 9 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு ஆறு முறை தாராளமாகக் கொடுக்கலாம். நாள் முழுக்க இப்படிக் கொடுத்தால் உடம்புக்குப் போதுமான தண்ணீர் போய்விடும். மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்கத் தயங்குபவர்களுக்கு, தண்ணீரையே கசப்பாக்கிக் கொடுக்கச் சில ரபிகள் சொல்வார்கள்.

அளவு, இடைவெளி எல்லாம் நிலைமை கையில் இருக்கும்வரைதான். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், மயக்கம் என்று எதைக் கண்டாலும் கோப்பையை வீசிவிட்டு, நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுங்கள், ஆம்புலன்ஸ் எண் 101க்குப் போன் செய்யுங்கள். கடும் பசியில் தடுமாறுகிறவருக்குக் கண் தெளியும் வரை உண்ணக் கொடு என்று, தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூலே சொல்கிறது. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்காதீர்கள்.

குளிரூட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகம். பக்தியான வீடுகளில் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் முன்கூட்டியே நேரம் குறித்துவிடுவார்கள், பிறகு தொட மாட்டார்கள். பாட்டி "போடு" என்று என்னிடம் சொல்ல மாட்டார். "இன்றைக்குச் சூடாக இருக்கிறது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அதைப் புரிந்துகொள்வது நம் வேலை. நீங்கள் சாப்பிடலாமா என்றால், தாராளமாக. வாசனை வராத எதையாவது சமையலறையில் சாப்பிடுங்கள். நான் சாப்பிட்டுவிட்டேனா என்று நாளில் நான்கு முறை கேட்பது பாட்டிதான்.

நேரம் போவது பிற்பகலில்தான் கடினம். காலைத் தொழுகைகள் முடிந்து, பைபிளின் யோனா புத்தகம் வாசிக்கும் மாலைத் தொழுகை வருவதற்குள் ஒரு பெரும் பாலைவனம் கிடக்கிறது. தூங்க வையுங்கள், வெயிலில் நடக்க விடாதீர்கள், சமையல் பேச்சை எடுக்காதீர்கள். சில வீடுகளில் சீமை மாதுளம்பழத்தில் கிராம்பைக் குத்தி வைத்து முகர்வார்கள். வாசனைக்கும் ஓர் ஆசீர்வாதம் உண்டு. உணவில்லாத நாளில் குறையும் ஆசீர்வாதங்களை அப்படி ஈடுகட்டுகிறார்கள். வாய் வறண்டவருக்கு அந்த மணம் இதமாகவும் இருக்கும்.

ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி நோன்பு முடிந்ததும் எல்லாரும் ஓடிவருவார்கள். பாட்டிக்கு முதலில் ஃபாலூதே சீப்: துருவிய ஆப்பிள், குளிர்ந்த தண்ணீர், ரோஜாப் பன்னீர். ஈரானிய யூதர்கள் நோன்பு முறிக்கும் வழக்கம் இது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை சேர்க்காமலே நன்றாக இருக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் சோறு. வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரத்தைத் திணிக்கும் உறவினர்களைத் தடுக்க நீங்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருக்க வேண்டியிருக்கும். படுக்கும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். நிறுத்திவைத்த மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள்.

நீங்கள் அடுத்த கோடைவரை அங்கே இருந்தால், யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாளும் இதே 25 மணி நேர நோன்பு வரும். எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்கம். தரையில் உட்கார்ந்து புலம்பல் புத்தகம் வாசிப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அது யோம் கிப்பூரைவிட உடம்பை வாட்டும். ஆனால் சட்டம் அங்கே இளகுகிறது. நோயாளி என்றால், உயிராபத்து இல்லாவிட்டாலும், நோன்பு இருக்க வேண்டியதே இல்லை. பெரியவர் முரண்டு பிடித்தால் ரபியிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். அளவுக் கோப்பைக்கு அன்று வேலையே வராது.