மழை விட்டும் தண்ணி ஏறுதே, ஏன்? (வாசகர் கேள்வி பதில்)

எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில இருந்து இந்த மாசம் வந்த கேள்வி எல்லாம் மழையும் வெள்ளமும்தான், வேற கதை இல்ல. கல்யாணக் கேள்வி, வேலைக் கேள்வி அனுப்பின ஆக்கள் கோவிக்காதீங்க, அதெல்லாம் தை பிறக்கட்டும்.

கேள்வி: ரெண்டு நாளா மழையே இல்ல, நல்ல வெயில். ஆனா விடிய ஒழும்பிப் பாத்தா ரோட்டுக்கு மேலால தண்ணி போகுது. இது எங்க இருந்து வருது? கிரானுக்கு மறுபக்கம் இருக்கிற நாங்க எப்படி முந்தியே தெரிஞ்சுகொள்றது?

பதில்: தம்பி, உங்கட ஊர்த் தண்ணி உங்கட ஊர் வானத்தில இருந்து மட்டும் வாறதில்ல. மாதுறு ஓயாவும் முந்தனை ஆறும் மேற்கால கனதூரத்தில பெஞ்ச மழையை எல்லாம் அள்ளிக்கொண்டுதான் இறங்கி வருது, அங்க நேத்து ராத்திரி ஊத்தினது உங்களிட்ட வந்து சேர ஒரு நாளோ ரெண்டு நாளோ எடுக்கும், அதுக்குள்ள இங்க வெயில் எறிச்சு உடுப்பும் காய்ஞ்சிரும். அதோட குளத்து வான் கதவு. மாதுறு ஓயா, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி எல்லாம் நிறைஞ்சா கதவைத் திறக்காம வச்சிருக்க ஏலாது, கட்டு உடைஞ்சா வாறது வெள்ளமில்ல, அழிவு. 1957 மார்கழியில கட்டுகள் உடைஞ்சு என்ன நடந்ததென்டு உங்கட ஊர் வயசான ஆக்களிட்டக் கேளுங்க, தகப்பன்மார் சொன்ன கதையை அவங்க இன்னும் மறக்கல்ல.

அதால மாரி காலத்தில வானத்தைப் பாக்கிறதை விட குளத்தைப் பாக்கிறது புத்தி. எந்தக் குளத்துத் தண்ணி உங்கட பக்கம் வருதென்டு முதல்ல தெரிஞ்சு வச்சுக்கொள்ளுங்க. மறுகா உங்கட வட்டவிதானையிட, அதான் வயலுக்குத் தண்ணி பங்கிடுற பொறுப்பாளரிட, போன் நம்பரை வாங்கி வைங்க, கதவு திறக்கிற கதை அந்த ஆளுக்குத்தான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில இருந்து முதல்ல வரும். ஃபேஸ்புக்கில "குளம் உடைஞ்சிட்டுது" என்டு வாற பதிவு அநேகமா போன வருஷப் படம். சந்தேகமென்டா 117க்கு அடிங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம், எந்நேரமும் ஆள் இருக்கும்.

ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடுதென்டா இறங்கவும் வேணாம், மெசினில, அதான் டிரக்டரில, ஏறவும் வேணாம். "டிரக்டர் பாரம், அது அசையாது" என்டு எல்லாரும் சொல்றதுதான், ஆனா பின்னுக்குப் பூட்டின பெட்டி மிதக்கத் தொடங்கினா மெசினையும் இழுத்துக்கொண்டு போகும், ரெண்டடித் தண்ணி ஓட்டத்தோட வந்தா காரும் வேனும் நிக்காது. 2024 நவம்பர் 26ம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டில மதரசாப் பிள்ளைகள் ஏறி வந்த டிரக்டர் அப்படித்தான் போனது, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு ஒரு நாள் போகாட்டி சம்பளம் வெட்டுவாங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகவேணுமென்டா பிரதேச செயலகத்தில சொல்லிப் படகு கேளுங்க.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குள்ள தண்ணி வந்த பிறகுதான் வாவி முகத்துவாரம் வெட்டுறாங்க. ஐப்பசியிலயே வெட்டி விட்டா என்ன? களுவாஞ்சிகுடியில இருந்து கேக்கிறேன், வீட்டில முழங்கால் தண்ணி.

பதில்: முழங்கால் தண்ணிக்குள்ள நிக்கிற ஆளுக்கு நியாயம் சொல்றது கஷ்டம், ஆனாலும் சொல்றேன். எங்கட மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், கடலுக்குப் போக வழி ரெண்டே ரெண்டுதான், வடக்க பாலமீன்மடு, தெக்க பெரியகல்லாறு. கோடையில அலை மணலைக் கொண்டு வந்து வாயை அடைச்சுப்போடும். வெட்டுறதென்டா பெக்கோ கொண்டு வந்து பெரிய ஆறு தோண்டுறதில்ல, வாய்க்கால் மாதிரிச் சின்னதா ஒரு கான்தான் வெட்டுவாங்க, மிச்சத்தைத் தண்ணியே வெட்டும். வாவி மட்டம் கடலை விட நல்லா உயர்ந்து நிக்கவேணும், அப்பதான் தண்ணிக்கு இழுவை வரும், ரெண்டு பக்க மணலும் பாளம் பாளமா இடிஞ்சு விழும், காலையில தாண்டிப் போன வெட்டில பின்னேரம் தோணி ஓடலாம். வாவி மட்டம் குறைவா இருக்கக்குள்ள வெட்டினா இழுவை இல்ல, கடல் ரெண்டு நாளில திரும்ப மணலைப் போட்டு மூடும், மூடாட்டி உப்புத்தண்ணி உள்ளுக்கு ஏறும், அது கரைவயலுக்குப் போனா அந்தப் போக வெள்ளாமை முடிஞ்சுது.

இன்னுமொரு சங்கதி, இதில எல்லாருக்கும் ஒரே தேவை இல்ல. வெள்ளாமைக்காரருக்கு வயல்ல தண்ணி வடியவேணும், தோணிக்காரருக்கு வாவியில தண்ணியும் மீனும் நிக்கவேணும், உங்களுக்கு வீடு காயவேணும். அதுக்குத்தான் மாவட்டச் செயலகத்தில கூட்டம் வச்சு எல்லாரிட்டயும் கேட்டு முடிவெடுக்கிறது. ஆனா ஒரு விஷயத்தில நான் உங்கட பக்கம்தான். எந்த அளவு ஏறினா வெட்டுவம் என்டு மாரி தொடங்க முந்தியே சனத்துக்குப் பகிரங்கமாச் சொல்லிப்போட வேணும். அளவுகோல் ஒண்டை நட்டு சிவப்புக் கோடு போட்டாக் காணுமே, பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆர் ஆருக்குப் போன் எடுத்தாங்க என்ட சண்டை எதுக்கு.

கேள்வி: வாவிக்கு மேற்கால படுவான்கரையில மூணு ஏக்கர் வெள்ளாமை, விதைச்சு ஒரு மாசம்கூட ஆகல்ல, இப்ப முழுக்கத் தண்ணிக்குள்ள. அழிஞ்சதென்டு விட்டுட்டுத் திரும்ப விதைக்கவா?

பதில்: அண்ணன், அவசரப்படாதீங்க. முதல்ல பாக்கவேண்டியது, ஓலை நுனி தண்ணிக்கு மேல தெரியுதா என்டுதான். நுனி தெரிஞ்சா பயிர் மூச்சு விடுது, கனநாள் தாங்கும். முழுக்க மூழ்கிக் கிடந்தா தெளிஞ்ச தண்ணியென்டா கொஞ்சம் கூடத் தாங்கும், கலங்கல் தண்ணியென்டா வெளிச்சம் போகாது, ஒரு கிழமையைத் தாண்டினா அநேகமா அழுகிரும். தண்ணி வடிஞ்சதும் ஒரு பயிரைப் பிடுங்கி அடியை நகத்தால கீறிப் பாருங்க, உள்ளுக்கு வெள்ளையா இறுக்கமா இருந்தா அது பிழைக்கும், மஞ்சளாகிக் கையோட வந்தா இல்ல. இது பத்து இடத்தில செய்யவேணும், வரம்போரத்தில மட்டும் பாத்துட்டு வீட்டுக்கு வாறதில்ல, பள்ளத்துக்குள்ளயும் இறங்குங்க.

வடிஞ்ச அடுத்த நாளே யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க. களைச்ச பயிருக்குப் பசளை ஏறாது, போட்டதும் தண்ணியோட போகும், புது ஓலை விடுற வரைக்கும் பொறுங்க. இடையில இடையில செத்துப்போய் மற்ற இடத்தில அடர்த்தியா நிண்டா, அடர்த்தியில பிடுங்கி வெறும் இடத்தில நடுங்க, கூலி போகும்தான், ஆனா முழுசாத் திரும்ப விதைக்கிற செலவு இல்ல. மூணு ஏக்கரும் போயிட்டுதென்டா வயசு குறைஞ்ச நெல்லுத்தான் போடவேணும். நெல்லு இனத்திட நம்பரிலயே விளங்கும், பீஜி 250 என்டா ரெண்டரை மாசம், 300ல வாறது மூணு மாசம், 350, 360ல வாறது மூணரை. இந்த நேரத்தில மூணரை மாச நெல்லைப் போட்டீங்களென்டா அறுவடை பிந்தி அடுத்த போகத்துக்கும் இடைஞ்சல் பண்ணும். வயல் வட்டையில எல்லாரும் ஒண்டாப் பேசி ஒரே வயசு நெல்லைப் போடுங்க, ஒருத்தர் மட்டும் பிந்தினா பூச்சி முழுக்க அவரிட வயலுக்குத்தான் வரும்.

தண்ணி நிக்கக்குள்ளயே போட்டோ எடுத்து வைங்க, பக்கத்து வரம்பு, மரம் ஏதாவது தெரியிற மாதிரி, வெறும் தண்ணியை எடுத்தா அது எந்தக் குளமென்டும் சொல்ல ஏலாது. கமநல சேவை நிலையத்தில போய் எழுத்தில குடுங்க, வாயால சொன்னது கணக்கில வராது. குத்தகைக்குச் செய்றீங்களென்டா காணிக்காரரிட்ட இப்பவே கதைச்சு எழுத்தொண்டு வாங்கி வைங்க, நட்டஈடு வாற நேரம் உறவெல்லாம் மாறும்.

கேள்வி: தண்ணி வடிஞ்சிட்டுது, கிணத்துத் தண்ணி கலங்கி மணக்குது. மகன் மோட்டர் போட்டு ஒரேயடியா இறைச்சு ஊத்துவம் என்டுறான். செய்யலாமா? ஏறாவூரில இருந்து எழுதுறேன்.

பதில்: ராத்தா, மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. நிலத்துக்குள்ள தண்ணி இன்னும் மேலதான் நிக்குது, கிணத்துக்குள்ள மட்டும் கெதியா இறைச்சா வெளித் தண்ணி தள்ளி எங்கட மணலில வளையம் இடிஞ்சு இறங்கிரும். கடலுக்குக் கிட்ட இருந்தா உப்பும் ஏறும், சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைச்சே கன கிணறு கெட்டது. வெளியில தண்ணி வத்தின பிறகு, கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தி நிறுத்தி இறைக்கவேணும். பிறகு பீஎச்ஐக்கு, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, சொன்னா குளோரின் போட்டுத் தருவாங்க. கண்ணுக்குத் தெளிவா இருக்கென்டு நம்பாதீங்க, மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்துக்குள்ளதானே கிடந்தது. அது வரைக்கும் பவுசர்த் தண்ணி, அதையும் கொதிக்க வச்சு.

வளவு துப்புரவாக்கிற நேரம் வெறுங்காலோட நிக்கவேணாம், இதை மகனுக்கும் சொல்லுங்க. எலிக்காய்ச்சல் எலி கடிச்சு வாறதில்ல, எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்பால ஏறித்தான் வாறது. வயலுக்கு இறங்கிற ஆக்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரிட (எம்ஓஎச்) அலுவலகத்தில தடுப்பு மாத்திரை குடுப்பாங்க, கேட்டு வாங்கவேணும், பார்மசியில சொந்தமா வாங்கிப் போடுறதில்ல, கர்ப்பிணிக்கும் சின்னாக்களுக்கும் அது கூடாது. வீட்டில சீனி வருத்தக்காரர் இருந்தா அவங்களைச் சேத்துப் பக்கமே விடாதீங்க, எங்கட மாகாணத்து மண்ணில மெலியோய்டோசிஸ் என்ட வருத்தத்தைக் குடுக்கிற ஒரு கிருமி இருக்கு, சீனி உள்ள ஆக்களைத்தான் அது கூடப் பிடிக்கிறது, மாரிக்குப் பிறகுதான் கூட வாறது. காய்ச்சல் வந்தா "வெள்ளத்தில நிண்டேன்" என்டு டொக்டரிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, அவர் கேப்பார் என்டு பாத்திருக்காதீங்க.

கேள்வி: மாமி பள்ளிக்கூடத்து முகாமுக்கு வரமாட்டா என்டு அடம்பிடிக்கிறா. ஆட்டையும் வீட்டையும் விட்டு வரமாட்டாவாம். நான் ரெண்டு பிள்ளையோட என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, மாமி வீட்டுக்குப் பயப்பிடல்ல, பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் பயப்பிடுறா. வயசான பொம்புளைகள் இதை வாய் விட்டுச் சொல்லமாட்டாங்க. கிராம சேவகரிட்டக் கேட்டு கக்கூசுக்குக் கிட்ட உள்ள வகுப்பறையை எடுத்துக் குடுங்க, ஏலாட்டி மேட்டுப் பக்கத்தில சொந்தக்காரர் வீடு இருந்தா அங்க விடுங்க, பதிவு மட்டும் முகாமில இருக்கட்டும். ஆட்டை அவிழ்த்து மேட்டுக்கு முதலே அனுப்பிப்போட்டு மறுகா மாமியைக் கூப்பிட்டுப் பாருங்க, வருவா. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்ள எல்லாரிட ஐடி, பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட், வங்கிப் புத்தகம், மாமிட கிளினிக் கொப்பி, குளிசை எல்லாத்தையும் போட்டு மூடி வைங்க. கொப்பி நனைஞ்சா மறுகா எந்தக் குளிசை எவ்வளவென்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெளிக்கிடக்குள்ள மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்க.

கேள்வி: எதுக்கெடுத்தாலும் "78ல நாங்க பாக்காத காத்தா" என்டு அப்பா சொல்றார். அப்படி என்னதான் நடந்தது? டித்வா புயலை விடப் பெரிசா?

பதில்: ரெண்டும் வேற வேற சாதி, மகள். 1978 நவம்பர் 23 சூறாவளி காத்து. மட்டக்களப்புக்கு நேர மேலால போனது, தொள்ளாயிரம் பேருக்கு மேல செத்தது, கூரை, தென்னை, கோயில், பள்ளி ஒண்டும் மிச்சமில்ல. சூறாவளிட கண் கடக்கிற நேரம் காத்து சட்டென்டு நிண்டிரும், முடிஞ்சுதென்டு சனம் வெளியில வரும், பிறகு மற்றப் பக்கத்தால திரும்ப அடிக்கும். உங்கட அப்பாவிட்ட இதைக் கேட்டுப் பாருங்க, கதை நீளும். 2025 நவம்பர் 28 டித்வா மழை. யேமன் வச்ச பேர், கிழக்குக் கரையால ஏறினது, ஆனா 600க்கு மேல ஆக்கள் செத்ததில கூடப்பேர் கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம், மண் சரிஞ்சு. எங்களுக்கு வந்தது அந்த மலைத் தண்ணி, மன்னம்பிட்டியில மகாவலி பெருகி ரோட்டை மூடினதெல்லாம் அதால. 2011 தையில புயலே இல்ல, பேர் வச்ச ஒண்டும் வரல்ல, விடாத மழைதான், நாட்டில பத்து லட்சம் பேருக்கு மேல பாதிப்பு, அதில மட்டக்களப்பும் அம்பாறையும்தான் முன்னுக்கு. அதால பேர் இல்லாத மழையென்டு இளக்கமா எடுக்கவேணாம் என்டு அப்பாவுக்கும் சொல்லுங்க.

கேள்வி: ரோட்டுக்குக் கீழ உள்ள போக்குக்குள்ளால விரால் துள்ளிக்கொண்டு வருது, வலை போடலாமா? முதலை வரும் என்டுறாங்க, உண்மையா?

பதில்: மீனில பிழை இல்ல, நல்லா அவிச்சுச் சாப்பிடலாம். போக்கு வாயிலதான் பிழை, மேல சும்மா நிக்கிற தண்ணி மாதிரித் தெரியும், கீழ இழுவை, கால் ஒருக்கா உள்ளுக்குப் போனா எடுக்க ஏலாது. ஓட்டம் நிண்ட பிறகு வயல் பக்கம் போடுங்க. முதலை உண்மைதான் தம்பி, குளமும் வாவியும் ஒண்டான பிறகு அதுக்கு எல்லை தெரியாது, வளவுக்குள்ள, கானுக்குள்ள எல்லாம் வந்து கிடக்கும். மாலைப்பட்டா தண்ணிக்குள்ள இறங்காதீங்க. கண்டா வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்க, கல்லெறிஞ்சு வீடியோ எடுத்துக்கொண்டு நிக்கவேணாம்.