சுறா ஆராய்ச்சி சோறு போடுமா?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், நடுக்கடல் சுறாக்களின் உடம்பில் சேரும் நச்சுப்பொருள்களை ஆராயப் போகிறேன் என்கிறார். பொம்பளைப் பிள்ளை கடலில் என்ன செய்யும் என்பது உங்கள் கவலை. இந்த வேலையில் பெரும்பகுதி ஆய்வகத்தில்தான் நடக்கிறது. மீன் இறங்கும் துறைமுகங்களிலேயே மாதிரி எடுத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். ஆனால் எல்லாச் சுறாவையும் அறுத்துவிட முடியாது. திமிங்கலச் சுறாவுக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அவர் சொல்வது வெறும் ஆசை இல்லை. நடுக்கடலில் திரியும் சுறா எங்கே, எதைத் தின்கிறது என்று கூடவே போய்ப் பார்க்க முடியாது. தின்றதன் தடயம் உடம்பில் தங்கிவிடுகிறது. பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப்போகச் செறிவு கூடி, தசையில் சேர்கிறது. டிடிடி, பிசிபி இரண்டும் எண்ணெய் நிறைந்த ஈரலில் தேங்கும். டிடிடி பூச்சிமருந்து, பிசிபி பழைய மின்மாற்றி எண்ணெய் போன்ற தொழிற்சாலைச் சரக்கு. கடலுக்குக் கடல் இவற்றின் விகிதம் மாறும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு சுறாக்களில் விகிதம் வேறாக இருந்தால், அவை வெவ்வேறு பகுதியில் இரை தேடியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. பாதரச ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறுபடும் பாதரச அணுக்கள்) இன்னும் சுவாரசியம். வெயில் படும் மேல்நீரில் மெத்தில் பாதரசம் சிதையும்போது பதியும் அடையாளம் ஆழத்தில் குறைந்துவிடும். அதை வைத்து இரை கிடைத்த ஆழத்தைக் கணிக்கிறார்கள். குட்டியில் நஞ்சு அதிகமென்றால் உடனே இரையைச் சொல்லிவிடக் கூடாது, தாயிடமிருந்தும் ஒரு பங்கு வந்திருக்கும்.

சரி, சம்பளம்? சுறாவை மட்டுமே ஆராயும் நிரந்தர வேலை நம் நாட்டில் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதற்காக அவர் பழகப்போகும் கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ், உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிகளை மருந்து கம்பெனியிலும் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் மீன் ஏற்றுமதி ஆய்வகத்திலும் தினமும் ஓட்டுகிறார்கள். சுறா இறைச்சியில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. அதை அளந்து சொல்ல வேதியியல் படித்த ஆள் வேண்டுமே!

அதனால் இப்போது பாடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். பி.எஸ்சி.யை முடித்து, பகுப்பாய்வு வேதியியல் பக்கம் எம்.எஸ்சி. போகட்டும். ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும். கோடை விடுமுறையில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையக் கிளைக்கோ பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கோ சிறு புராஜெக்ட் கேட்டு எழுதிப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. விடுமுறையில் புள்ளியியல் கற்றுக்கொள்ளட்டும்.

எம்.எஸ்சி.க்கு இடம் பார்க்கும்போது நீங்களும் கூடப் போய் வாருங்கள். கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், மாணவர்களைத் தொட விடுவார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் கண்ணாடி வழியாகக் காட்டுவதோடு சரி.