நிகழ்வுச் செவ்வகத்தின் உருவத்தைப் படிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவி): ஐயா, பட்டை விளக்கப்படமும் நிகழ்வுச் செவ்வகமும் (ஹிஸ்டோகிராம்) பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கின்றன. செவ்வகங்களை இடைவெளியில்லாமல் வரைவது அழகுக்காகவா?

பதில்: இல்லையம்மா, அதில் பொருள் இருக்கிறது. பட்டை விளக்கப்படத்தின் கிடையச்சில் இருப்பவை பயிர், மாவட்டம் போன்ற தனித்தனி வகைகள்; அவற்றை இடம் மாற்றி வைத்தாலும் செய்தி மாறாது. நிகழ்வுச் செவ்வகத்தின் கிடையச்சோ வயது, நேரம் போன்ற தொடர்ச்சியான அளவுகோல்; அதைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுகின்றன என்பதைச் செவ்வகத்தால் காட்டுகிறோம். ஒரு பிரிவு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குவதால் செவ்வகங்கள் ஒட்டி நிற்கின்றன. வரிசையை மாற்ற முடியாது என்பதால்தான் அதன் உருவத்தைப் பற்றிப் பேசவே முடிகிறது. பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாவிட்டால், நிகழ்வெண்ணை (ஒரு பிரிவில் விழுபவற்றின் எண்ணிக்கையை) உயரத்தால் அன்றிப் பரப்பால் காட்ட வேண்டும்.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி மாணவர்): குவியல் இடப்பக்கம் இருக்கும்போது அதை வலக்கோட்டம் (வலப்பக்கச் சாய்வு) என்கிறோமே, ஏன்?

பதில்: கோட்டத்துக்குப் பெயர் தருவது குவியல் அன்று, வால். வருமானத்தை வரைந்தால் பெரும்பாலோர் இடப்பக்கம் நெருங்கி நிற்க, மிகச் சிலரின் பெருவருமானம் வலப்பக்கம் நீண்ட வாலாகப் போகும். அந்த வால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) அவ்வளவாக அசையாது. எளிதான தேர்வின் மதிப்பெண்களில் இதற்கு நேர்மாறாக இடக்கோட்டம் வரும்.

கேள்வி (தரவுப் பகுப்பாய்வு பழகுபவர்): ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளோடு வரும், ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற கொதிநீர் ஊற்றின் பீய்ச்சல் நேரத் தரவை வரைந்தேன். இரண்டு மேடுகள் தெரிகின்றன. சராசரி 3.49 நிமிடம் என்று அறிக்கையில் எழுதினால் போதாதா?

பதில்: போதாது, அப்படி எழுதுவது படிப்பவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள அந்தக் கொதிநீர் ஊற்று பீய்ச்சிய 272 தடவைகளின் நேர அளவு அத்தரவில் இருக்கிறது. அரை நிமிடப் பிரிவுகளாக வைத்து எண்ணினால், 1.5 நிமிடத்தில் தொடங்கி 55, 37, 5, 9, 34, 75, 54, 3 என்று நிகழ்வெண்கள் வருகின்றன. உங்கள் 3.49 விழுவது 3 முதல் 3.5 வரையிலான பிரிவில். 272 தடவைகளில் அங்கே இருப்பவை வெறும் 9! சராசரி நிற்கும் இடம், ஊற்று ஏறக்குறைய எட்டிப் பார்க்காத பள்ளம்.

இரண்டு மேடுகளைக் கண்டால், இரண்டு வேறு கூட்டங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இங்கே பீய்ச்சல்கள் குறுகியவை, நீண்டவை என இரு வகையாகப் பிரிகின்றன. குறுகியவை ஏறத்தாழ 2 நிமிடமும் நீண்டவை 4 நிமிடத்துக்குச் சற்று மேலும் நீடிக்கின்றன. குறுகிய பீய்ச்சலில் நிலத்தடியிலுள்ள வெந்நீர் முழுவதும் வெளியேறுவதில்லை. ஆகையால் ஊற்று விரைவில் மறுபடி தயாராகிவிடுகிறது. நீண்ட பீய்ச்சலுக்குப் பின் நீர் நிறைந்து சூடேறக் கூடுதல் நேரம் வேண்டும். அதனால்தான் அதே தரவில் அடுத்த பீய்ச்சலுக்கான காத்திருப்பு நேரமும் 55 நிமிடத்தை ஒட்டி ஒன்று, 80 நிமிடத்தை ஒட்டி ஒன்று என இரண்டு மேடுகளாக எழுகிறது. அறிக்கையில் இரு கூட்டங்களுக்கும் தனித்தனிச் சராசரி கொடுங்கள், படத்தையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (அதே அன்பர்): பிரிவின் அகலத்தை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அதே தரவில் அகலத்தை 2 நிமிடமாக்கிப் பாருங்கள். (எல்லையில் விழும் எண்ணைக் கீழ்ப்பிரிவில் சேர்த்திருக்கிறேன்.) 0-இல் தொடங்கினால் 55, 85, 132 என்று படிக்கட்டுபோல ஏறும். 1-இல் தொடங்கினால் 97, 172, 3 என்று நடுவில் ஒற்றை மேடு எழும். ஓர் எண்கூட மாறவில்லை. ஆயினும் இரு படங்களிலும் பள்ளம் காணாமல் போய்விட்டது. அகலத்தை மிகவும் குறைத்தாலோ, தற்செயலான மேடுபள்ளங்களையெல்லாம் நாம் உருவம் என்று நம்பிவிடுவோம். பிரிவுகளின் எண்ணிக்கைக்கு ஸ்டர்ஜஸ் 1926-இல் தந்த விதி இத்தரவுக்கு ஏறத்தாழ 9 என்கிறது. அது தொடக்கப் புள்ளி மட்டுமே. மூன்று நான்கு அகலங்களில் வரைந்து, எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கும் உருவத்தை மட்டும் நம்புவதே என் வழக்கம்.

கேள்வி (கள ஆய்வுப் பணியாளர்): கிராமத்தில் எடுத்த வயதுக் கணக்கை ஓராண்டுப் பிரிவுகளில் வரைந்தால் 30, 35, 40, 45 ஆகியவற்றில் மட்டும் கொம்பு முளைக்கிறது. தவறாகப் பதிந்துவிட்டேனா, அம்மாதிரி ஆட்கள்தான் அதிகமா?

பதில்: இரண்டும் இல்லை. பிறந்த தேதி துல்லியமாகத் தெரியாதவர் 'நாற்பது இருக்கும்' என்று 0 அல்லது 5-இல் முடியும் எண்ணாகச் சொல்வார். இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வயதுகளிலும் இதே குவிதல் நெடுங்காலமாகத் தெரிகிறது. இதை அளக்க விப்பிள் குறியீடு உண்டு: 23 முதல் 62 வரையிலான வயதினரில் 0, 5-இல் முடியும் வயது சொன்னோரைக் கூட்டி, அதை அந்த வயதினர் அனைவரின் தொகையில் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 100 வந்தால் குவிதல் இல்லை. 500 வந்தால் எல்லாருமே 0, 5-இல்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் 40-44 என்று பிரித்தால், உண்மையில் 38, 39 வயதானவர்களும் அந்தப் பிரிவுக்குள் வந்துவிடுவார்கள். 38-42 என்று கொம்பு நடுவில் வரும்படி பிரித்து ஒருமுறை வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.