தம்பியின் கொலோனோஸ்கோபியில் கூடுதலாகச் சதை எடுக்கச் சம்மதிக்கலாமா?

வணக்கம் சகோதரி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்தோல் புண்ணாகும் நோய்) உள்ள தம்பிக்கு வியாழக்கிழமை கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை), ஆராய்ச்சிக்காக இன்னும் ஆறு துண்டு சதை கேட்கிறார்கள், குடலில் ஓட்டை விழுந்துவிடும் என்று அம்மா அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருந்தவள் நான், பார்த்ததைச் சொல்கிறேன்.

குழாய்க்குள் போகும் இடுக்கியின் வாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். குடலின் உள்தோலை மட்டும் கிள்ளும். அந்தத் தோலுக்குக் கிள்ளும் வலி தெரியாது. ஒரு சொட்டு ரத்தம் கசியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். அதிக ரத்தப்போக்கும் ஓட்டையும் அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தம்பி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நோயைப் பார்க்கும் துண்டு ஃபார்மலின் என்ற, சதை கெடாமல் காக்கும் திரவத்தில் போகும். ஆராய்ச்சித் துண்டைப் பெரும்பாலும் உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். தாமதித்தால் ஆர்.என்.ஏ. (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதைந்துவிடும், எடுத்ததே வீண். புண்ணான இடத்தையும் நல்ல இடத்தையும் ஒப்பிடத்தான் இத்தனை துண்டு.

சரி, என் தம்பியாக இருந்தால் சம்மதிப்பேன். ஆனால் சதையை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், மரபணுச் சோதனை உண்டா, பெயரை நீக்குவார்களா என்று கேட்ட பிறகுதான். மயக்க ஊசி போட்டபின் கையெழுத்துக் கேட்டால் கொடுக்க வேண்டாம். மறுத்தாலும் சிகிச்சை குறையக்கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறையிலேயே இருக்கிறது.

அப்புறம், வீட்டுக்கு வந்தபின் கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.